உறுப்பினர் பதிவேட்டில் அவர்கள் பெயர் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கூட்டுறவுச் சங்கங்கள் கிராமத்து இளைஞர்களைத் தலைவர்களாக வளர்க்கின்றன என்று சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கட்டுரையாளர் மூன்று நாள் பயிற்சி முகாம் ஒன்றை நேரில் பார்த்து எழுதியிருக்கிறார். பேச்சுப் போட்டி, குழு விளையாட்டு, சான்றிதழ், கடைசியில் எல்லோரும் கையை உயர்த்திச் சிரிக்கும் புகைப்படம். முகாமைக் குறை சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஒரு கிராமப் பால் கூட்டுறவுச் சங்கத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் செயலாளராக இருந்தவன் நான். படத்தில் உயர்ந்திருந்த கைகளைப் பார்த்ததும் வேறொரு கை நினைவுக்கு வந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் சங்கத்தில் பாலின் கொழுப்பைச் சோதிப்பவர் வேலையை விட்டுப் போயிருந்த சமயம். ஓர் உறுப்பினரின் பேத்தி, பத்தொன்பது வயது, கல்லூரியில் வேதியியல் படித்துக்கொண்டிருந்தாள். விடுமுறையில் தினக்கூலிக்கு வந்தாள். இந்தச் சோதனையைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு முனை குறுகி நீண்ட கண்ணாடிக் குப்பியில் பத்து மில்லி கந்தக அமிலம், அதன்மேல் மெதுவாக 10.75 மில்லி பால், பிறகு ஒரு மில்லி அமைல் ஆல்கஹால். மூடிக் குலுக்கினால் குப்பி கையைச் சுடும். இயந்திரத்தில் வைத்துச் சுழற்றி எடுத்தால், அளவுகோடு போட்ட கழுத்தில் கொழுப்பு மட்டும் பிரிந்து மஞ்சளாக நிற்கும். கண்ணை அதன் மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் படிக்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் ஓர் எண், கீழிருந்து பார்த்தால் இன்னொன்று. வீட்டுக்குப் போகும் பணம் அந்த எண்ணில்தான் இருக்கிறது.

அவள் வந்த இரண்டாவது வாரம், நிர்வாகக் குழுவில் இருந்த ஒருவர் வீட்டுப் பாலில் எண் இறங்கிவிட்டது. "இன்னொரு தடவை பாரம்மா" என்றார். பார்த்தாள். அதே எண். மறுபடியும் சொன்னபோது, குப்பியைத் துணியில் சுற்றி அவர் கையிலேயே கொடுத்து, "நீங்களே படித்துச் சொல்லுங்கள் ஐயா, அதையே எழுதுகிறேன்" என்றாள். வரிசையில் பதினைந்து இருபது பேர் நின்றிருந்தார்கள். அவர் படித்தார். எண்ணைச் சொன்னார். அவள் எழுதிக்கொண்டு அடுத்தவரின் பாத்திரத்தை வாங்கினாள். அத்தனை ஆண்டுகளில் எனக்கு ஒருநாளும் வராத துணிச்சல் அது.

சங்கத்தால் கிராமத்துக்கு என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு விலை, கடன், தீவனம், கால்நடை வைத்தியம் என்று வரிசையாகச் சொல்லலாம். எல்லாம் உண்மைதான். ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. வியாபாரி அளந்த காலத்தில் அவர் சொன்னதுதான் அளவு. சங்கத்தில் பத்து மாடு வைத்திருப்பவருக்கும் ஒற்றை மாடு வைத்திருப்பவருக்கும் ஒரே வரிசை, ஒரே குப்பி, எல்லோர் கண்முன்னாலும். அதைக் காப்பாற்ற யாராவது ஒருவர் அந்த மேசைக்குப் பின்னால் அசையாமல் நிற்க வேண்டியிருக்கிறது.

அந்த ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்துக்கும் அவள் வந்திருந்தாள், தாத்தாவின் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு. ஆண்டறிக்கை வழக்கம்போல் வாசித்ததாக எடுத்துக்கொள்ளப்பட்டது. வரவு செலவுக் கணக்கில் "இதர செலவுகள்" என்ற வரியில் முந்தைய ஆண்டைவிட ஏறக்குறைய இரண்டு மடங்குத் தொகை. பின்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. அவள் வாயைத் திறக்கும் முன்பே மேடையிலிருந்து கேள்வி போயிற்று: "நீ உறுப்பினரா?" இல்லை. பங்கு தாத்தா பெயரில் இருந்தது. பால் கறப்பவர் அம்மா, கொழுப்பைப் பார்ப்பவள் மகள், ஓட்டு மட்டும் காது மந்தமான தாத்தாவுக்கு. கை இறங்கிவிட்டது.

தீர்மானப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு நானும் மேடையில்தான் உட்கார்ந்திருந்தேன். அந்த இதர செலவில் பாதி, கட்டட மராமத்துச் செலவை நான் தவறான தலைப்பில் எழுதியதால் வந்தது. திருட்டு ஏதுமில்லை, என் சோம்பல்தான். எழுந்து ஒரு நிமிடத்தில் விளக்கியிருக்கலாம். விளக்கவில்லை. கந்தக அமிலத்தை அவள் கையில் நம்பிக் கொடுத்த சங்கம், ஒரு கேள்வியை நம்பிக் கொடுக்கவில்லை.

இளையவர்களிடம் வேலையை வாங்கிக்கொண்டு ஓட்டை மறுப்பது கூட்டுறவோடு கூடப் பிறந்த பழக்கம் இல்லை. ஜெர்மனியில் 1846-47 பஞ்சக் குளிர்காலத்தில் ஏழைகளின் ரொட்டிக்கு வழி செய்த ரைஃபைசன், அப்போது முப்பது வயதுகூட நிரம்பாத ஊர் மேயர். வசதியுள்ளவர்கள் கொடுத்த பணத்தில் நடக்கும் உதவி, கொடுப்பவர்களுக்குச் சலித்துப்போனால் நின்றுவிடும் என்பதை அனுபவத்தில் கண்டுகொண்டு, 1864இல் ஹெடெஸ்டார்ஃபில் கடன் வாங்குபவர்களே உறுப்பினர்களாக உள்ள சங்கத்தை அமைத்தார். அவர் வகுத்த முறையில் நிர்வாகிகளுக்குச் சம்பளம் கிடையாது, கணக்கருக்கு மட்டும் உண்டு. கணக்கெழுதிப் பிழைத்தவன் என்பதால் இந்த விதியின் மேல் எனக்குத் தனிப் பிரியம், மன்னிக்கவும்.

ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் மோன்ட்ராகன் என்ற சிறு நகரத்துக்கு 1941இல் வந்த இளம் பாதிரியார் அரிஸ்மெந்தியாரியெத்தா, 1943இல் முதலில் ஆரம்பித்தது ஒரு தொழிற்பள்ளியை. அங்கே படித்த ஐந்து பேர் மண்ணெண்ணெய் அடுப்பு செய்யும் கூட்டுறவு ஆலையைத் தொடங்கியது 1956இல். நடுவில் பதின்மூன்று ஆண்டுகள். மூன்று நாள் முகாமைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது இந்தப் பதின்மூன்று வந்து குறுக்கே நின்றது.

நம் நாட்டு உதாரணத்தை எல்லோரும் அறிவார்கள். பின்னாளில் அமுல் பால் கூட்டுறவை வளர்த்த குரியன், குஜராத்தின் ஆனந்துக்கு 1949இல் வந்தபோது அவருக்கு 27 வயது. அரசு வேலைக்கு வந்தவர், எப்போது கிளம்பலாம் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தார். மூன்று ஆண்டுகளுக்கு முன் பதிவான பால் உற்பத்தியாளர் ஒன்றியத்தின் தலைவர் திரிபுவன்தாஸ் படேல் அவரை இருக்கச் சொன்னார், பொறுப்பைக் கொடுத்தார், அதன்பின் குறுக்கே நிற்கவில்லை. குரியனைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. இடம்விட்ட பெரியவரைப் பற்றி இன்னும் கொஞ்சம் எழுதலாம்.

முகாம்கள் எங்கும் உண்டு. அமெரிக்காவின் கிராமப்புற மின்சாரக் கூட்டுறவுச் சங்கங்கள், 1957இல் அன்றைய செனட்டர் லிண்டன் ஜான்சன் சொன்ன யோசனையைப் பிடித்துக்கொண்டு, பள்ளிப் பிள்ளைகளை ஆண்டுதோறும் வாஷிங்டனுக்கு அழைத்துச் செல்கின்றன. தலைநகரை முதல்முறை பார்க்கும் கிராமத்துப் பிள்ளைக்கு அது சிறிய விஷயமில்லை. திரும்பி வந்த பிறகு ஊர்ச் சங்கத்தில் அந்தப் பிள்ளைக்கு என்ன பொறுப்பு காத்திருக்கிறது என்பதுதான் என் கேள்வி.

பன்னாட்டுக் கூட்டுறவுக் கூட்டமைப்பு 1995இல் மான்செஸ்டரில் ஏற்றுக்கொண்ட ஏழு கொள்கைகளில் ஐந்தாவது கல்வி, பயிற்சி, தகவல். கூட்டுறவைப் பற்றி மக்களுக்கு, குறிப்பாக இளைஞர்களுக்கு, எடுத்துச் சொல்ல வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. அதற்கு வெகுகாலம் முன்பே, இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 1844இல் கூட்டுறவுக் கடை திறந்த ராச்டேல் முன்னோடிகள், உபரியில் 2.5 சதவீதத்தைக் கல்விக்கு ஒதுக்கி நூலகமும் வாசகசாலையும் நடத்தினார்கள். இன்று சில சங்கங்களில் கல்வி நிதி எங்கே போயிற்று என்று கேட்டால் பேனர் அச்சடித்த பில்லை எடுத்துக் காட்டுவார்கள். ஐ.நா. 2012க்குப் பிறகு இரண்டாம் முறையாக 2025ஐ பன்னாட்டுக் கூட்டுறவு ஆண்டாக அறிவித்தது. பேனருக்குக் குறைவிருந்திருக்காது.

இளையவர்களுக்குப் பங்கு கொடுத்து என்ன பயன், நாளைக்கு ஊரைவிட்டுப் போய்விடுவார்கள் என்று எங்கள் குழுவில் அடிக்கடி சொல்வார்கள். போவார்கள்தான். அந்தப் பெண்ணும் போய்விட்டாள், ஏதோ ஆய்வகத்தில் வேலை என்று கேள்வி. உறுப்பினர் ஆக்கியிருந்தால் இருந்திருப்பாளா என்று கேட்டால், சத்தியமாகத் தெரியாது. ஆனால் ஊரிலேயே தங்கிவிட்டவர்களும் இருக்கிறார்களே. அப்பா கண்ணை மூடிய பிறகு பங்கு தன் பெயருக்கு மாறும்வரை, நாற்பத்தைந்து வயதில்கூடக் கூட்டத்தில் நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்த "இளைஞர்களை" எனக்குத் தெரியும்.

பெரிய சீர்திருத்தம் எதையும் நான் கேட்கவில்லை. பதினெட்டு முடிந்து, மாட்டையோ நிலத்தையோ உண்மையில் பார்த்துக்கொள்பவர் யாரோ அவரும் தன் பெயரில் ஒரு பங்கு வாங்க வழி வேண்டும். துணைவிதியைத் திருத்த ஒரு பொதுக்குழு போதும். கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னால் வரவு செலவை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டு, ஒரு மாலை நேரம் செயலாளர் பேரேட்டோடு உட்காரட்டும். வருபவர் யாராக இருந்தாலும் கேட்கட்டும். முதல் ஆண்டு கொஞ்சம் வியர்க்கும். எனக்கு வியர்த்திருக்கும்.

கட்டுரையாளருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முகாமுக்குப் போனால், புகைப்படத்துக்காக எல்லோரும் கையை உயர்த்தும்போது, தங்கள் சங்கத்தின் உறுப்பினர் பதிவேட்டில் பெயர் உள்ளவர்கள் மட்டும் கையை இறக்காமல் வைத்திருங்கள் என்று சொல்லிப் பாருங்கள். எத்தனை கை மிஞ்சுகிறதோ, அந்த எண்ணையும் படத்துக்குக் கீழே போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சங்கச் செயலாளர் ஒருவர்