சிட்டாவில் யார் பெயர்?

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்தபோது இங்கே சம்பா நடவு முடியும் தறுவாயில் இருந்தது. வெண்ணாற்றில் தண்ணீருக்குக் குறைவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. ஆனாலும் வயல் பக்கம் ஒருநடை போய்வராமல் அவளுக்குப் பொழுது போவதில்லை. பெரியவளுக்குத் திருச்சியில் கல்லூரி கிடைத்துவிட்டது.

பாலினச் சமத்துவத்தைப் பிள்ளைகள் மதிப்பெண்ணுக்காக மட்டுமே படிக்கிறார்கள் என்று சலித்துக்கொண்டிருந்தாய். சட்டத்தின் முன் எல்லாரும் சமம், பாலினத்தால் பாகுபாடு கூடாது என்று சொல்லும் அரசியலமைப்பின் 14, 15 ஆகிய பிரிவுகளை ஒப்பிக்க வைப்பதோடு நிறுத்தினால் உன் சலிப்பு நியாயம்தான். இந்த முறை ஒன்பதாம் வகுப்பில் புத்தகத்தைத் திறக்கும் முன்பே, நிலம் யாருடையது என்று காட்டும் சிட்டாவில், தங்கள் வீட்டு நிலத்துக்கு யார் பெயர் இருக்கிறதென்று பார்த்துவரச் சொன்னேன். அப்பா, தாத்தா, பெரியப்பா. ஏறக்குறைய எல்லாம் ஆண்களின் பெயர்கள். நாற்று நடுவதும் களை பறிப்பதும் அம்மாக்கள். சிட்டாவில் பெயர் இல்லாதவள், எந்த நிலத்தில் யார் என்ன பயிர் செய்கிறார் என்று காட்டும் அடங்கலைத் தன் பெயரில் வாங்குவது கடினம். அடங்கல் இல்லாமல் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கேட்க முடியாது. மழையில் பயிர் மூழ்கினால் வரும் நிவாரணமும் அவள் கணக்கில் ஏறாது. இதைக் கரும்பலகையில் எழுதிய பிறகு 14-ஆம் பிரிவுக்குப் போனால், பிள்ளைகள் அதை வேறு கண்ணோடு படிக்கிறார்கள்.

எங்கள் பள்ளியில் நிலமில்லாத வீட்டுப் பிள்ளைகளே அதிகம். அவர்கள் கூசிப்போகக் கூடாதல்லவா? அதனால் கூலியை விசாரித்துவந்தாலும் போதும் என்றேன். வகுப்பு சூடானது அங்கேதான். வரப்பு வெட்டுவது கனமான வேலை, அதனால் ஆணுக்குக் கூடுதல் கூலி சரிதான் என்றான் ஒருவன். “காலையிலிருந்து சேற்றில் குனிந்து நிற்பது மட்டும் லேசான வேலையா? நீ ஒரு நாள் நட்டுப் பார்” என்று எழுந்துவிட்டாள் ஒருத்தி. ஒரே வேலைக்கு மட்டுமல்ல, அதை ஒத்த வேலைக்கும் சம ஊதியம் தர வேண்டும் என்று 1976-லேயே சட்டம் வந்ததைச் சொன்னேன். பிறகு எது “ஒத்த வேலை” என்று மணி அடிக்கும் வரை வாதாடினார்கள். நான் குறுக்கிடவில்லை.

சொத்துரிமைக்கு வந்தபோதுதான் வெளியிலிருந்து எதிர்ப்பு வந்தது. தமிழ்நாடு 1989-லேயே இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு தந்தது. ஆனால் அதற்கு முன்பே மணமானவர்களை விட்டுவிட்டது. 2005-இல் மத்திய சட்டம் அந்தத் தடையையும் நீக்கியது. அந்த உரிமை பிறப்பாலேயே வருவது, 2005-இல் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. இதை நடத்திய மறுவாரமே ஒரு மாணவியின் தந்தை வந்து, “அண்ணன் தங்கைக்குள் ஏன் டீச்சர் சண்டை மூட்டுகிறீர்கள்?” என்றார். கெட்டவர் இல்லை, மகளை நன்றாகப் படிக்க வைப்பவர். சீர் செய்தாயிற்று, இனி என்ன பங்கு என்பதுதான் அவர் நியாயம். விடுதலைப் பத்திரத்தில் தங்கை கையெழுத்துப் போடலாம், ஆனால் எதை விட்டுக்கொடுக்கிறாள் என்று தெரிந்து போடட்டும் என்றேன். அவர் சமாதானமாகவில்லை. எனக்கும் அந்தப் பாடத்தை மாற்றும் எண்ணமில்லை.

இன்னொன்று. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டத்தை வகுப்பில் எல்லாப் பெண்களுக்கும் தெரியும். அந்தத் திட்டத்தின் முழுப்பெயரில் இருக்கும் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் யாரென்று தெரியவில்லை. திருவாரூரில் பிறந்து, மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் வளர்ந்து, தேவதாசி முறையை எதிர்த்து ஊர் ஊராகப் பேசியவர். 1947-இல் அது சட்டத்தால் ஒழிந்ததையும் கண்ணால் பார்த்தார். நம் மண்ணின் பெண்ணைப் பற்றி நாமே சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?

உன் பள்ளி நாகப்பட்டினம் கடற்கரையில் இருக்கிறது. அங்கே சிட்டா உதவாது. படகு யார் பெயரில் பதிவாகியிருக்கிறது, கூடை சுமந்து மீன் விற்கும் அம்மாவுக்கு அதில் என்ன பங்கு என்று கேட்டுப் பாரேன். பிள்ளைகள் சொன்னதை எனக்கு விரிவாக எழுது. பொங்கல் விடுமுறைக்கு இங்கே வந்தால் இரண்டு பாடக் குறிப்புகளையும் சேர்த்து வைத்துப் பேசலாம்.

அன்புடன்,
உன் தோழி