மரியா தெரேசாவுக்கும் ஒரு அத்தியாயம் கொடு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நலம், நலமறிய ஆவல். பிரான்ஸின் அரசி மரி அந்துவானெத்தைப் பற்றி நீ எழுதி அனுப்பிய நாவல் அத்தியாயங்களைப் படித்துவிட்டேன். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால்தான் கடிதம்.

முதலில் பிடித்ததைச் சொல்லிவிடுகிறேன். "ரொட்டி இல்லாவிட்டால் கேக் சாப்பிடட்டும்" என்ற வசனத்தை நீ வைக்கவில்லை. யாரோ ஒரு பெரிய இடத்துப் பெண் சொன்னதாக எழுத்தாளர் ரூசோ எழுதிவைத்தது அது. அப்போது மரி அந்துவானெத் வியன்னாவில் விளையாடிக்கொண்டிருந்த சிறுமி. அவள் தலையில் கட்டிய பழிகளில் ஒன்றையாவது நீ இறக்கி வைத்திருக்கிறாய்.

ஆனால் அவள் அம்மாவை என்ன செய்து வைத்திருக்கிறாய்? உன் கதையில் ஆஸ்திரியாவை ஆண்ட மரியா தெரேசா பெற்ற மகளை விற்றுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகிற ராட்சசி. அதை என்னால் ஏற்க முடியவில்லை. 1740இல் அப்பா இறந்து அவள் பட்டத்துக்கு வந்தபோது வயது 23. அந்த ஆண்டு முடிவதற்குள் பிரஷ்யா அரசன் அவளுடைய சிலேசியா மாகாணத்துக்குள் படையோடு நுழைந்துவிட்டான். ஆட்சி, போர் என்று இருந்த அந்த நாட்களில்தான் தன் 16 பிள்ளைகளில் 13 பேரைப் பெற்றாள். பரம்பரைப் பகையாளியான பிரான்ஸோடு 1756இல் செய்துகொண்ட உடன்பாடு உடைந்துவிடக் கூடாது என்ற பயத்தில்தான் பதினைந்தாவது பிள்ளையை 14 வயதில் அங்கே கட்டிக்கொடுத்தாள். நியாயம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பயத்தை நீ எழுதாமல் விட்டால் அவள் மனுஷியாகத் தெரிய மாட்டாள்.

மகள் 1770 ஏப்ரல் 21 அன்று வியன்னாவை விட்டுக் கிளம்பினாள். அப்போது ஒரு அறிவுரைத் தாளைக் கொடுத்து, மாதாமாதம் 21ஆம் தேதி இதைப் படிக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினாள் அம்மா. அதில் இன்னொன்றும் இருக்கிறது: என் கடிதங்களைக் கிழித்துப் போட்டுவிடு, நானும் உன்னுடையதைக் கிழித்துவிடுகிறேன், அப்போதுதான் மனம்விட்டு எழுத முடியும். ஆனால் வியன்னாவில் நகல் எடுத்து வைத்தார்கள். அதனால்தான் இன்றைக்கு நாம் படிக்கிறோம்.

அப்புறம் பிரான்ஸில் இருந்த ஆஸ்திரியத் தூதர் மெர்சி-அர்ஜந்தோ. உன் கதையில் அவர் விருந்தில் ஒரு தடவை வந்து வணங்கிவிட்டுப் போய்விடுகிறார்! மரி அந்துவானெத்தின் பணியாட்களில் மூன்று பேரைக் கையில் போட்டுக்கொண்டு, அவள் யாரிடம் பேசினாள், எப்போது குதிரை ஏறினாள் என்று எல்லாவற்றையும் அம்மாவுக்கு ரகசியமாக எழுதிக்கொண்டிருந்தவர் அவர். அம்மாவுக்கு எப்படி எல்லாம் தெரிந்துவிடுகிறது என்று மகள் குழம்பினாள். மெர்சி மேல் மட்டும் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. நாவல் எழுதுகிறவளுக்கு இதைவிட என்ன வேண்டும்?

து பாரி விவகாரத்தைத்தான் நீ முழுசாக எழுத வேண்டும். கணவனின் தாத்தாவான பதினைந்தாம் லூயி மன்னரின் ஆசைநாயகி து பாரியோடு பேசவே மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தாள் இந்தப் பெண். தன் நாட்டில் ஒழுக்கக்கேட்டைத் தேடிப்பிடித்துத் தண்டிக்க ஒரு ஆணையமே வைத்திருந்த மரியா தெரேசா, அந்தப் பெண்ணோடு நாலு வார்த்தை பேசினால் என்ன என்று 1771இல் மகளைக் கண்டிக்கிறாள். ஆஸ்திரியாவும் சேர்ந்து போலந்தைப் பங்கு போடும் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம். லூயியின் முகம் சுளிக்கக் கூடாது. 1772 புத்தாண்டு அன்று வெர்சாய் அரண்மனையில் மரி அந்துவானெத் அவளைக் கடந்து போகும்போது சொன்னது இவ்வளவுதான்: "இன்றைக்கு வெர்சாயில் கூட்டம் அதிகம்." இனி என் குரலை அவள் கேட்கப்போவதில்லை என்று பிறகு மெர்சியிடம் சொல்லிவிட்டாள். அந்தப் பதினாறு வயதுப் பெண்ணின் வைராக்கியமும் அம்மாவின் இரண்டுங்கெட்டான் நிலையும் சேர்ந்து அங்கே இருக்கிறது. நீ அதை ஒரு பத்தியில் முடித்துவிட்டாய்.

மணப்பெண்ணைப் பிரான்ஸிடம் ஒப்படைத்த ரைன் நதித் தீவில் அவள் ஆடைகளை எல்லாம் களைந்து நிற்க வைத்த காட்சியை எடுத்துவிடு. அதை எழுதிவைத்த அவளுடைய பணிப்பெண் மதாம் காம்பான் அன்றைக்கு அங்கே இல்லை. அதைவிடப் பெரிய விஷயம் அந்த மண்டபத்துச் சுவரிலேயே தொங்கியது. ஜேசன், மீடியா என்ற கிரேக்கக் கதையை நெய்த திரைச்சீலைகள். ஒரு கல்யாணம் நாசமாகி, தாய் பெற்ற பிள்ளைகளைக் கொன்ற கதை! ஸ்ட்ராஸ்பூரில் படித்துக்கொண்டிருந்த இளைஞன், பின்னாளில் பெரிய ஜெர்மன் கவிஞரான கதே, அதைப் பார்த்துப் பதறினான். மணப்பெண் நடந்து வரும் இடத்தில் இதையா மாட்டுவது என்று கேட்டான். இது நடந்தது. இங்கே நீ கற்பனை செய்ய வேண்டியதே இல்லை.

சின்ன விஷயங்களையும் விட்டுவிடாதே. 1775 மார்ச்சில் அம்மா எழுதுகிறாள்: தலைமுடியை 36 அங்குல உயரத்துக்குத் தூக்கிக் கட்டி, அதன் மேல் இறகும் நாடாவும் வைக்கிறாயாமே? மகளின் பதில்: எல்லோரும்தான் இறகு வைக்கிறார்கள், நான் மட்டும் வைக்காவிட்டால் வித்தியாசமாகத் தெரியாதா? அந்த இடத்தைப் படிக்கும்போது எனக்கு அவள் அரசியாகவே தெரியவில்லை, பக்கத்து வீட்டுப் பெண்ணாகத்தான் தெரிந்தாள்.

1778 டிசம்பரில் முதல் குழந்தை. பாட்டி பெயரையே வைத்து மரி தெரேஸ் என்றார்கள். பேரன் பிறக்க வேண்டும் என்று காத்திருந்த மரியா தெரேசா 1780 நவம்பர் 29 அன்று இறந்துபோனாள். பட்டத்து இளவரசன் அடுத்த அக்டோபரில்தான் பிறந்தான். வியன்னாவை விட்டுக் கிளம்பிய பிறகு அம்மாவும் மகளும் நேரில் பார்த்துக்கொள்ளவே இல்லை.

நீ பாரிஸில்தானே இருக்கிறாய், ஒரு ஞாயிற்றுக்கிழமை வெர்சாய்க்குப் போய் ஓவியர் விஜே லெ ப்ருன் 1787இல் வரைந்து முடித்த படத்தைப் பார். சிவப்பு வெல்வெட் கவுனில் மரி அந்துவானெத், சுற்றிலும் பிள்ளைகள். வலப்பக்கத்தில் மூத்த பையன் ஒரு தொட்டிலைச் சுட்டிக்காட்டுகிறான். தொட்டில் காலி. படம் முடிவதற்குள் கைக்குழந்தை சோஃபி இறந்துவிட்டாள். வரைந்தவளும் ஒரு பெண் குழந்தைக்கு அம்மா. அவள் கண் வழியாக ஒரு அத்தியாயம் எழுதிப் பார்க்கலாம். 1789 அக்டோபரில், புரட்சி வெடித்த பிறகு, மகளைக் கூட்டிக்கொண்டு பிரான்ஸை விட்டே ஓடிப்போனவள் அவள்.

முடிவில் புரட்சிக்காரர்கள் அவள் தலையை வெட்டிய கில்லட்டின் வேண்டாம். அதை எல்லோரும் எழுதிவிட்டார்கள். 1793 அக்டோபர் 16, விடியற்காலை நாலரை மணிக்கு நாத்தனார் எலிசபெத்துக்கு அவள் எழுதிய கடிதத்தோடு நிறுத்து. நீதிமன்றத்துக்காக அவள் மகனிடம் அருவருப்பான பொய்களைச் சொல்ல வைத்திருந்தார்கள். அவன் சின்னப் பிள்ளை, குழந்தையை எதை வேண்டுமானாலும் சொல்ல வைக்கலாம், அவனை மன்னித்துவிடு என்று எழுதுகிறாள். எலிசபெத்தின் கைக்கு அது போய்ச் சேரவே இல்லை. 1816இல்தான் வெளியே வந்தது. 1794 மேயில் எலிசபெத்தையும் கொன்றுவிட்டார்கள், பிள்ளைகளில் மரி தெரேஸ் மட்டும்தான் பிழைத்தாள். அதைக் கடைசியில் ஒரு வரியில் சொன்னால் போதும்.

சரி, கோபித்துக்கொள்ளாதே. து பாரி அத்தியாயத்தை முதலில் திருத்தி அனுப்பு, படித்துவிட்டு எழுதுகிறேன். அப்பா விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார். நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா