மூன்று நாடு வேண்டாம், ஒரு நாடு போதும்: தங்கைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தங்கைக்கு,

நீ அனுப்பியிருந்த பயணத் திட்டத்தை நேற்றிரவு இருமுறை படித்தேன். ஏழு நாட்களில் தாய்லாந்து, மலேசியா, சிங்கப்பூர் மூன்றையும் காட்டி, வேளாவேளைக்குச் சாப்பாடு போட்டு, வேனில் ஏற்றி இறக்கித் திரும்பக் கொண்டுவந்து விடுவதாக அந்த முகவர் எழுதியிருக்கிறார். 16 வயது மகளையும் 13 வயது மகனையும் கூட்டிக்கொண்டு முதன்முறையாகக் கடல் கடக்கப் போகிற உனக்கு, எல்லாவற்றையும் வேறொருவர் பார்த்துக்கொள்வார் என்பது எவ்வளவு ஆறுதலாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த ஆறுதலை நம்பித்தான் நானும் என் பிள்ளைகளை முதல்முறை இப்படியொரு சுற்றுலாவுக்கு அழைத்துப் போனேன். அதனால்தான் உரிமையோடு சொல்கிறேன்: இன்னும் முன்பணம் கட்டிவிடாதே. சிங்கப்பூரை மட்டும் எடுத்துக்கொண்டு ஐந்து இரவு தங்குங்கள். அந்த நாட்களில் பாதியைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடு.

அந்த முதல் பயணத்தின் மூன்றாம் நாள் மலேசியாவின் பத்து மலைக்குப் போனோம். 42.7 மீட்டர் உயர முருகன், அவருக்குப் பின்னால் 272 படிகள், மேலே குகைக் கோயில். வழிகாட்டி எங்களுக்குக் கொடுத்த நேரம் நாற்பது நிமிடம். சிறு வயதிலிருந்தே பழனிப் படிகளை ஓடி ஏறுகிற என் மகன் அன்று வேனை விட்டே இறங்கவில்லை. நான் எல்லோர் முன்னிலையிலும் அவனைக் கடிந்துகொண்டேன், அவன் காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டான். ஊருக்குத் திரும்பிய பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: அதற்கு முந்தைய இரண்டு இரவுகளிலும் சேர்த்து அவன் எட்டு மணி நேரம்கூடத் தூங்கியிருக்கவில்லை. அந்த வயதில் உடலின் கடிகாரமே பின்னால் நகர்ந்துவிடுகிறது. இரவில் தாமதமாகத்தான் உறக்கம் வரும், ஓர் இரவுக்கே எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் தூக்கமும் வேண்டும். சிங்கப்பூர் நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் இருப்பதால், அங்கே காலை ஏழரைக்கு வேன் வாசலில் நின்றால் உன் மகளின் உடம்புக்கு அது விடியற்காலை ஐந்து மணி. இதை முகவரிடம் சொன்னால் சிரிப்பார், ஏனென்றால் அவருடைய வேனுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

இரண்டு வருடம் கழித்து மறுபடியும் போனபோது சிங்கப்பூரை மட்டும் வைத்துக்கொண்டோம். காலை பத்து மணிக்கு முன்னால் யாரையும் எழுப்புவதில்லை என்று நானும் அவருமே ஒப்புக்கொண்டோம். அந்த நேரத்தில் நாங்கள் இருவரும் தேக்கா சந்தை வரை நடந்து காப்பி குடித்துவிட்டு வந்தோம். கல்யாணமான பிறகு அப்படி ஒரு காலை எங்களுக்கு வாய்த்ததில்லை என்பது வேறு கதை. ஒரு நாள் மகளுடையது, ஒரு நாள் மகனுடையது. எங்கே போவது, எந்த ரயிலில் போவது, எங்கே சாப்பிடுவது என்பதை அந்த நாளுக்கு உரியவரே முடிவு செய்ய வேண்டும், மற்றவர்கள் முகம் சுளிக்காமல் பின்னால் போக வேண்டும். ஒவ்வொருவருக்கும் செலவுக்கென்று ஒரு தொகையைச் சிங்கப்பூர் டாலராகவே கையில் கொடுத்துவிட்டோம். சாவிக் கொத்துக்கு இவ்வளவு விலையா என்று கேட்கும் வேலை என்னிடமிருந்து அவர்களுக்குப் போனது. மகன் தன் நாளை முழுவதும் சாங்கி விமான நிலையத்தில் கழிக்கப் போவதாகச் சொன்னபோது எனக்குப் பகீரென்றது. ஆனால் ஜூவல் வளாகத்தில் 40 மீட்டர் உயரத்திலிருந்து விழும் அந்த உள்ளரங்க அருவியின் அடியில் உட்கார்ந்து, தண்ணீரை எப்படி மேலே ஏற்றுகிறார்கள் என்று அவன் ஒரு மணி நேரம் பேசினான். அவன் அத்தனை பேசி நான் கேட்டு அதற்குள் பல மாதங்கள் ஆகியிருந்தன.

இன்னொன்றும் செய்து பார். லிட்டில் இந்தியா நிலையத்தில் அக்காளையும் தம்பியையும் ரயிலேற்றிவிட்டு, இரண்டு நிலையம் தள்ளியிருக்கும் பூகிஸில் காத்திருக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் அடுத்த ரயிலில் போங்கள். நிலையப் பலகைகளில் தமிழ் இருக்கிறது. தமிழ் அந்த நாட்டின் நான்கு அதிகாரபூர்வ மொழிகளில் ஒன்று. ஆளுக்கொரு பயண அட்டை வாங்கிக்கொள், ஒரே அட்டையை இருவர் தட்டி உள்ளே நுழைய முடியாது.

பெரியவர்களின் நாள் என்று ஒன்றை உனக்கும் வைத்துக்கொள். அந்த நாளில் நீ எங்கே போக வேண்டும் என்று நான் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டேன், மன்னித்துக்கொள். சைனாடவுனில் சவுத் பிரிட்ஜ் சாலையில் இருக்கும் மாரியம்மன் கோயிலில் தொடங்கு. 1819-இல், சிங்கப்பூரை நிறுவிய ஆங்கிலேயர் ராஃபிள்ஸோடு பினாங்கிலிருந்து வந்து செங்கல் சூளை வைத்த நாராயண பிள்ளை 1827-இல் தொடங்கிவைத்த கோயில் அது. அதே சாலையில் தமிழ் முஸ்லிம்கள் கட்டிய ஜாமியா பள்ளிவாசலும் இருக்கிறது. அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் தெலுக் ஆயர் தெரு வரும். இன்று கட்டடங்களுக்கு நடுவில் இருக்கும் அந்தத் தெரு ஒரு காலத்தில் கடற்கரை. கப்பலில் வந்தவர்கள் அங்கேதான் கரையேறினார்கள். சோழமண்டலக் கரையிலிருந்து வந்தவர்கள் நாகூர் ஆண்டவரின் நினைவாக அங்கே ஒரு தர்கா எழுப்பினார்கள், சற்றுத் தள்ளிச் சீனர்கள் தங்கள் கடல் தெய்வத்துக்குக் கோயில் கட்டினார்கள். நாகப்பட்டினத்தில் வளர்ந்து, கந்தூரிக்கு வருடம் தவறாமல் நாகூர் போகிற உன் பிள்ளைகளை அந்த வாசலில் நிறுத்திவிட்டு நீ எதுவும் விளக்காமல் இரு. என் அனுபவத்தில், நாம் விளக்கத் தொடங்கியதும் அவர்கள் கைப்பேசியை எடுத்துவிடுகிறார்கள்.

மாலையில் பாடாங் திடலுக்குப் போங்கள். 1943 ஜூலையில் நேதாஜி இந்திய தேசிய ராணுவத்தினர் முன் அங்கே பேசினார். அதே ஆண்டில் அதே நகரில் உருவான ஜான்சி ராணிப் படையில் மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள் பலர் இருந்தார்கள், அவர்களில் உன் மகளின் வயதுடையவர்களும் உண்டு. அருகிலுள்ள எஸ்பிளனேட் பூங்காவில் அந்த ராணுவத்தின் நினைவுச் சின்னம் இருந்த இடத்தை ஒரு கல்வெட்டு குறிக்கிறது. நின்ற சின்னத்தை 1945-இல் திரும்பி வந்த பிரிட்டிஷார் இடித்துவிட்டார்கள். கல்வெட்டு என்றதும் நினைவு வருகிறது: தேசிய அருங்காட்சியகத்தில் சிங்கப்பூர்க் கல் என்று ஒரு துண்டு இருக்கிறது. ஆற்றின் முகப்பில் இருந்த பெரும்பாறையை 1843-இல் வெடிவைத்துத் தகர்த்தபோது மிஞ்சியது அது. அதிலுள்ள எழுத்தை இன்றுவரை யாரும் படிக்கவில்லை. புதிர் என்றால் விடாத உன் மகனிடம் இதை இப்போதே சொல்லிவை. கடாரம் பார்க்க வேண்டும் என்று உன் வீட்டுக்காரர் ஆசைப்படுவார். அது மலேசியாவின் கெடா மாநிலம், பூஜாங் பள்ளத்தாக்கு, அதற்கென்று இன்னொரு முறை போகலாம்.

இனி, கசப்பான கணக்குகள். உன் மகனைச் சின்னப் பையன் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கலாம், ஆனால் விமான நிறுவனங்கள் 12 வயது நிறைந்தவரைப் பெரியவராகவே கணக்கிடும், யுனிவர்சல் ஸ்டுடியோஸ் கேளிக்கைப் பூங்காவில் 13 வயதிலிருந்து முழுக் கட்டணம். நால்வரும் ஒரே அறையில் படுத்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தையும் விட்டுவிடு. அங்கே மலிவான விடுதிகளில் அறைகள் மிகச் சிறியவை. அதைவிட, நான்கு பேருக்கு ஒரே குளியலறை, அதில் ஒருவர் 16 வயதுப் பெண் என்றால், காலை பதினொன்றுக்கும் வெளியே கிளம்ப மாட்டீர்கள். அடுத்தடுத்த இரண்டு அறைகளாக எடு. அந்தச் செலவை மூன்று நாட்டு விமானக் கட்டணத்தில் மிச்சம் பிடித்த பணம் ஈடுகட்டும். தோட்டங்கள் பெரும்பாலும் இலவசம்: 1859-இல் தொடங்கிய தாவரவியல் பூங்காவில் ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும்தான் சீட்டு, கார்டன்ஸ் பை தி பேயில் இரவு நேர ஒளிக்காட்சிக்குச் சீட்டே இல்லை.

விசாவுக்கு அங்கீகாரம் பெற்ற முகவர் வழியாக விண்ணப்பிக்கலாம். புறப்படும் நாளுக்கு முந்தைய 30 நாட்களுக்குள் கொடுத்தால் போதும். சிங்கப்பூர் வருகை அட்டையை இணையத்தில் நீயே நிரப்பலாம், இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள். அது முற்றிலும் இலவசம், பணம் கேட்கிற தளம் எதுவாக இருந்தாலும் மூடிவிடு.

மின் சிகரெட் அங்கே கையில் வைத்திருப்பதே குற்றம். பிள்ளைகளைச் சந்தேகப்படுகிற தொனியில் இல்லாமல், சட்டத்தைச் சொல்கிற தொனியில் இருவரிடமும் இதைச் சொல்லிவிடு. சூயிங்கம்மும் கொண்டுபோகக் கூடாது. ரயிலுக்குள் தண்ணீர் குடித்தாலும் அபராதம் உண்டு. உன் பங்குக்கு நீ செய்ய வேண்டியது ஒன்று: அம்மா அரைத்துக் கொடுக்கும் பொடிகளில் கசகசா சேர்ந்ததை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போ. அங்கே அது போதைப்பொருள் சட்டத்தின் பிடியில் வருகிற பொருள், சுங்கத்தில் நின்று குருமாவுக்கு என்று விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

18 வயதுக்குக் கீழ் எடுத்த கடவுச்சீட்டு பெரும்பாலும் ஐந்து ஆண்டுக்குத்தான் செல்லும், சிங்கப்பூரில் இறங்கும்போது அதில் குறைந்தது ஆறு மாதம் மீதி இருக்க வேண்டும். உன் மகனின் கடவுச்சீட்டை அவன் மூன்றாம் வகுப்பு முடித்த கோடையில் எடுத்ததாக எனக்கு ஞாபகம். வேறு எதையும் யோசிப்பதற்கு முன்னால், பீரோவைத் திறந்து அதன் முன்பக்கத்தில் இருக்கும் காலாவதித் தேதியை இன்றிரவே எனக்கு எழுது.

அன்புடன்,
அக்கா