வயதுச் சரிபார்ப்புச் செயலியின் மூலநிரலை வெளியிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

16 வயதுக்கு உட்பட்டவர்களுக்குச் சமூக ஊடகக் கணக்கு கூடாது என்ற மலேசிய அரசாங்க முடிவு பற்றிய தங்கள் தலையங்கத்தைப் படித்தேன். பிள்ளைகளைக் காக்க வேண்டும், சரி. ஆனால் வயதைப் பார்க்கிறோம் என்று எல்லாருடைய அடையாளக் கார்டையும் கேட்கப்போகிற மென்பொருள் அந்தப் படத்தை எங்கே வைக்கிறது, எப்போது அழிக்கிறது என்பது நமக்குத் தெரியவே தெரியாது. செந்தூலில் ஒரு கடையில் சிம் கார்டு வாங்கியபோது, கடைக்காரப் பையன் என் அடையாளக் கார்டை முன்னும் பின்னுமாகத் தன் சொந்தக் கைப்பேசியில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் யாருக்கோ அனுப்பினார். அது இப்போது யார் யாரிடம் இருக்கிறதோ. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கூட்டரசு, மாநில அரசாங்கங்களைக் கட்டுப்படுத்தாது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் பயம் கூடத்தான் செய்கிறது.

இந்தப் பயம் குறைய, செயலியின் மூலநிரலை, அதாவது அது என்ன செய்ய வேண்டும் என்று நிரலர்கள் எழுதிய கட்டளைகளை, வெளியிடலாம். ஜெர்மனி 2020இல் தன் கோவிட் எச்சரிக்கைச் செயலியின் மூலநிரலை யாரும் பார்க்கும்படி வெளியிட்டது. நிரலைக் காட்டினால் போதுமா, தகவல் போய்ச் சேரும் மையக் கணினியான சர்வரில் அதேதான் ஓடுகிறது என்பதற்கு என்ன உறுதி என்று, நிரலை எல்லாருக்கும் திறந்து வைக்கும் திறந்தமூல மென்பொருள் வட்டாரத்திலேயே கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அதனால் சரிபார்ப்பு கைப்பேசிக்குள்ளேயே முடியட்டும், 16 நிறைந்ததா இல்லையா என்ற பதில் மட்டும் வெளியே போகட்டும். அமலுக்கு வருமுன் மூலநிரலை வெளியிட்டு, நம் பல்கலைக்கழகக் கணினித் துறையினரிடம் சோதனைக்குக் கொடுக்குமாறு தொடர்புத் துறை அமைச்சைக் கேட்டுக்கொள்கிறேன்.

வாசகர், செந்தூல், கோலாலம்பூர்