கூண்டுக்கு மானியம், தீவனத்துக்கு?

ஆசிரியருக்கு,

மண்டபம் கடற்பகுதியில் மிதவைக் கூண்டுகளில் மீன் வளர்ப்போருக்கு மானியம் வழங்கப்படுவது குறித்த செய்தியைப் படித்தேன். 2010இல் மண்டபம் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் கடல் விரால் (கோபியா) குஞ்சு பொரிக்கப்பட்ட பிறகே இத்தொழில் இங்கு வேரூன்றியது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால், கூண்டுக்குள் போடும் இரை எங்கிருந்து வருகிறது என்பதைச் செய்தி தொடவே இல்லை. விசைப்படகுகளின் வலையில் சிக்கும் சூடை, காரல் போன்ற பொடிமீன்களும் வளராத மீன் குஞ்சுகளுமே வெட்டிப் போடப்படுகின்றன. ஒரு கிலோ கடல் விரால் தேற ஐந்து கிலோவுக்கு மேல் இப்படிப் போகிறது. கடலின் சுமையைக் குறைக்க வந்த தொழில், குஞ்சுகளையும் அள்ளும் சிறுகண் வலைக்குச் சந்தை பிடித்துக் கொடுக்கிறது!

ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் நிலைமை இன்னும் மோசம். என் உறவினரின் கூண்டில் ஐஸ் பெட்டியில் கிடந்து குழைந்துபோன சூடையைத்தான் போட்டார்கள். பாதி தின்னப்படாமல் வலையின் அடியில் படிந்து நாறியது. ஆஸ்திரேலியாவில் அபலோன் என்னும் கடல் நத்தைக்கே ஆலைத் தீவனம் போட்டு வளர்க்கிறார்கள். இங்கும் நீரில் மிதக்கும் குருணைத் தீவனத்துக்கு மானியத்தில் ஒரு பங்கை ஒதுக்கலாம். அந்தத் தீவனத்திலும் பொடிமீன்களை அரைத்த மீன்தூள் உண்டு என்பதால், சோயாப் புண்ணாக்கைக் கூடுதலாகச் சேர்த்துத் தயாரிக்கும் சிறு ஆலை ஒன்றை மீனவர் கூட்டுறவுச் சங்கம் வழியாக ராமநாதபுரத்திலேயே மீன்வளத்துறை தொடங்க வேண்டும்.

- வாசகர், ராமநாதபுரம்