இன்ஜின் கணினிப் பலகையும் வீட்டு சால்டரிங் அயர்னும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரின் இன்ஜினை இயக்கும் கணினி பழுதானால் அந்தப் பெட்டியைத் திறக்கவே கூடாது, முழுவதையும் மாற்றுவது ஒன்றே வழி என்று தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் எழுதப்பட்டிருந்ததைப் படித்தேன். அந்த எச்சரிக்கை நல்லெண்ணத்தில் சொல்லப்பட்டது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் மின்னணுப் பலகைகளை வீட்டு மேசையிலேயே பல ஆண்டுகளாகப் பழுதுபார்த்து வரும் எனக்கு, அந்த அறிவுரை எல்லாக் கார்களுக்கும் பொருந்தும் என்று ஒப்புக்கொள்ள முடியவில்லை. பழைய கார்களின் பலகைகளை வீட்டில் சீராக்க முடியும். அதற்கு, உலோகத்தை உருக்கிப் பாகங்களை இணைக்கும் சால்டரிங் அயர்னைப் பற்றியும் பழுதின் காரணத்தைப் பற்றியும் தெளிவு வேண்டும் என்பதையே இக்கடிதத்தில் சொல்ல விரும்புகிறேன்.

1980களின் இறுதியிலும் 1990களிலும் வந்த கார்களின் கணினிகளில் அடிக்கடி கெட்டுப்போவது சிப்கள் அல்ல, மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர்களே. அவற்றுக்குள் இருக்கும் திரவம் வெப்பத்தால் மெல்ல வற்றும், அல்லது அடிப்பகுதி வழியே கசியும். வெப்பநிலை 10 டிகிரி கூடினால் அவற்றின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது மின்னணுத் துறையில் எல்லோரும் கைக்கொள்ளும் கணக்கு. காருக்குள் இருக்கும் பெட்டிக்கு வெப்பத்துக்கா பஞ்சம்? கசிந்த திரவம் செம்புத் தடங்களை அரித்து, பச்சை படிந்த கறையாக நிற்கும். அயர்னை வைத்தவுடன் அழுகிய மீன் போன்ற நாற்றம் வந்தால், கசிவு நடந்திருக்கிறது என்று நம்பலாம். அந்தக் கறையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் முழுவதும் கழுவி எடுக்காமல் புதிய கெபாசிட்டரைப் பொருத்துவது வீண் வேலை: இணைப்பு உலோகமான சால்டர் சரியாகப் பிடிக்காது, அரிப்பும் நிற்காது. புதிதாக வைப்பது 105 டிகிரி தாங்குவதாகவும், அதே கொள்ளளவு உடையதாகவும், பழையதற்குச் சமமான அல்லது அதிகமான வோல்டேஜ் தாங்குவதாகவும் இருக்க வேண்டும். முனைகளை மாற்றிப் பொருத்தினால் அது வெடிக்கக்கூடும். அலுமினிய எலக்ட்ரோலைட்டிக்கில் பட்டை இருக்கும் பக்கம் எதிர்முனை. டான்டலம் வகையில் பட்டை இருக்கும் பக்கம் நேர்முனை. இந்த ஒரு வேறுபாட்டை மறந்ததால் பாழான பலகைகளை நானே பார்த்திருக்கிறேன்.

வீட்டில் பெரும்பாலான பலகைகள் கெடுவது வெப்பத்தைக் கையாளும் விதத்தில்தான். இதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். கணினிப் பலகை பல அடுக்குகளால் ஆனது. அதற்குள் அகலமாகப் பரவியிருக்கும் தரை இணைப்புச் செம்புத் தகடு, அயர்ன் தரும் சூட்டை வெகுவேகமாக உறிஞ்சிக்கொள்ளும். எனவே சக்தி குறைந்த, முனை மெலிந்த அயர்னை வைத்தால் சால்டர் உருகாது. உருகவில்லையே என்று நாம் அழுத்துவோம், நேரத்தை நீட்டுவோம். அதற்குள் பாகத்தின் கால் இணையும் செம்பு வில்லையைப் பலகையோடு ஒட்டியிருக்கும் பசை தளர்ந்து, வில்லையே பெயர்ந்து வந்துவிடும். அந்தச் செம்பின் தடிமன் பெரும்பாலும் 35 மைக்ரோமீட்டர் அளவுதான். ஆகவே மென்மையாகச் செய்ய வேண்டும் என்று எண்ணிச் சிறிய அயர்னை எடுப்பவர்கள்தான் அதிகம் சேதம் செய்கிறார்கள். வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் சால்டரிங் நிலையம், அகன்ற முனை, சால்டர் நன்றாகப் பிடிக்க உதவும் ரோசின் ஃப்ளக்ஸ் தாராளமாக, பலகையின் அடிப்பக்கத்தை முன்கூட்டியே இளஞ்சூடாக்குதல், சில விநாடிகளில் வேலையை முடித்து அயர்னை எடுத்துவிடுதல் ஆகியவைதான் பலகையைக் காக்கும்.

வெள்ளீயமும் ஈயமும் 63-க்கு 37 என்ற விகிதத்தில் கலந்த பழைய சால்டர் 183 டிகிரி செல்சியஸில் உருகும். பிற்காலப் பலகைகளில் உள்ள, வெள்ளீயம், வெள்ளி, செம்பு சேர்ந்த ஈயமில்லாக் கலவைக்கு ஏறத்தாழ 217 டிகிரி வேண்டும். பழைய இணைப்பில் சிறிது புதிய ஈயச் சால்டரைச் சேர்த்து உருக்கினால் அது எளிதாக இளகும். பிறகு செம்புப் பின்னலால் உறிஞ்சி எடுக்கலாம். குழாய் வேலைக்கு விற்கும் அமில ஃப்ளக்ஸை மட்டும் இந்தப் பலகையின் அருகிலேயே கொண்டுவரக் கூடாது. ஈரத்திலிருந்து காக்கப் பலகை மீது பூசியிருக்கும் தெளிவான மேல்பூச்சையும் முதலில் நீக்க வேண்டும். அதை அயர்னாலேயே பொசுக்கிக் கடப்பது பலருடைய வழக்கம். பூச்சு பாலியூரித்தேன் வகையாக இருந்தால் அந்தப் புகை நுரையீரலுக்குக் கேடு.

அடுத்து, காரணத்தைத் தேடாமல் பாகத்தை மாற்றும் பழக்கம். எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டரையோ, தீப்பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலையோ, இன்ஜின் நின்ற இடத்தில் ஓடும்போது காற்றைச் சீராக்கும் ஐடில் வால்வையோ இயக்கும் டிரான்சிஸ்டர் எரிந்திருந்தால், பெரும்பாலும் குற்றவாளி பெட்டிக்கு வெளியே இருக்கும். வால்வின் சுருள் ஷார்ட் ஆகியிருக்கும்போது டிரான்சிஸ்டரை மட்டும் மாற்றிப் பொருத்தினால், சாவியைத் திருப்பியவுடன் புதியதும் எரியும். சாதாரண உயர்மின்தடை இன்ஜெக்டரின் சுருள் 12 முதல் 16 ஓம் வரை காட்ட வேண்டும். மல்டிமீட்டரால் இதை அளக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. பெட்டியை முழுதாக மாற்றச் சொல்லும் பணிமனைகளும் இதை அளப்பதில்லை என்பது என் மனத்தை உறுத்தும் செய்தி. நான் ஒருமுறை காரைக் கொண்டுசென்ற பணிமனையில் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல், மாற்றியே ஆக வேண்டும் என்றார்கள். மூன்று கெபாசிட்டர்களை மாற்றிய பின் அதே பெட்டிதான் இன்றும் அந்த வண்டியில் இருக்கிறது.

எனினும் தங்கள் கட்டுரையின் எச்சரிக்கை முழுமையாகப் பொருந்தும் இடங்கள் உண்டு. ஏர்பேக், ஏபிஎஸ் பிரேக் ஆகியவற்றின் கணினிகளை வீட்டில் தொடவே கூடாது. செராமிக் தகட்டின் மேல் முடியளவு அலுமினியக் கம்பிகளால் இணைத்து, ஜெல் ஊற்றி மூடிய புதிய வகைப் பெட்டிகளில் அயர்னுக்கு வேலையே இல்லை. திறந்தாலே கம்பி அறுந்துவிடும். நேரடி எரிபொருள் செலுத்தும் இன்ஜின்களின் கணினிக்குள் 12 வோல்ட்டை 60 வோல்ட்டுக்கும் மேல் உயர்த்தித் தேக்கிவைக்கும் கெபாசிட்டர் இருக்கிறது. பேட்டரியைக் கழற்றிய பிறகும் அதில் மின்னூட்டம் தங்கியிருக்கும். திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசரின் தகவல், பல கார்களில் எட்டுக் கால்கள் கொண்ட ஒரு சிறு நினைவகச் சிப்பில் இருக்கிறது. அதன் அருகே சூடு காட்டுமுன் அதன் உள்ளடக்கத்தைப் படித்து நகல் எடுத்துவைக்காதவர், பிறகு தம் சாவியாலேயே வண்டியைக் கிளப்ப முடியாமல் போகலாம்.

உடலில் தேங்கும் நிலைமின்சாரம் நமக்கு உறைக்காத அளவிலேயே சிப்பைக் கொல்லும் என்பதால், 1 மெகாஓம் ரெசிஸ்டர் பொருத்திய மணிக்கட்டுப் பட்டையை அணிய வேண்டும். அயர்னின் சூட்டில் ஈயம் ஆவியாவதில்லை. அது விரல் வழியே வாய்க்குப் போவதுதான் ஆபத்து என்பதால் கை கழுவாமல் எதையும் உண்ணக் கூடாது. ரோசின் புகையோ ஆஸ்துமாவை உண்டாக்கக் கூடியது. அறையில் காற்று வெளியேற வழி வேண்டும்.

வேலை முடிந்ததும் நேராகக் காரில் மாட்டிவிடாமல், மின்னோட்டத்துக்கு வரம்பு வைக்கக்கூடிய பவர் சப்ளையில் முதலில் இணைத்து, எடுக்கும் மின்னோட்டம் இயல்பாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதிர்வில் கால்கள் முறியாதபடி பெரிய கெபாசிட்டர்களைப் பலகையோடு சிலிக்கோன் பசையால் ஒட்ட வேண்டும். புளித்த வாடை வீசும் வகை அசிட்டிக் அமிலத்தை விடுவதால் அது ஆகாது. நீக்கிய இடத்தில் மேல்பூச்சை மீண்டும் பூசி, பெட்டியின் ரப்பர் விளிம்பைச் சரியாக மூடி, பேட்டரி கழற்றப்பட்ட நிலையிலேயே கனெக்டரைச் செருக வேண்டும்.

திறக்கவே கூடாத பெட்டிகள் எவை, பொறுமையும் தக்க கருவிகளும் உள்ளவர் திறக்கக் கூடியவை எவை என்று பிரித்துக் காட்டும் கட்டுரை ஒன்றைத் தாங்கள் அதே பக்கத்தில் வெளியிட வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்