பாலையா விஷயமாக ஒரு சண்டை

அன்புள்ள சேது,

உன் கடிதங்களுக்குப் பதில் போடாததற்கு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள். வீட்டில் எல்லோரும் சுகம், என் முழங்காலைத் தவிர. இப்போது எழுத உட்கார்ந்ததே பெருமாளால்தான். அவன் பெண் நிச்சயதார்த்தப் பந்தியில், அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, "டி.எஸ். பாலையா நல்ல காமெடியன், அவ்வளவுதானே" என்றான். அவ்வளவுதானாம்! எனக்குப் பாயசமே இறங்கவில்லை.

'காதலிக்க நேரமில்லை' (1964) பேய்க்கதைக் காட்சியை டிவியில் போட்டுப் போட்டு, மனுஷரின் மிச்ச வாழ்க்கையையே மறக்கடித்துவிட்டார்கள். தூத்துக்குடிப் பக்கம் சுண்டன்கோட்டைக்காரர். 1936-ல் 'சதி லீலாவதி'யில் வந்தார், எம்.ஜி.ஆருக்கும் அதுதான் முதல் படம். அடுத்த வருஷமே 'அம்பிகாபதி'யில் கதாநாயகன் தியாகராஜ பாகவதருக்கு வில்லன். இரண்டையும் எடுத்தவர் தமிழே தெரியாத எல்லிஸ் ஆர். டங்கன். அப்புறம் அண்ணாவின் 'வேலைக்காரி'யில் (1949), பழிவாங்கக் கத்தியைத் தூக்கும் நண்பனை உட்காரவைத்து யோசனை சொல்லும் மணி. 'தூக்குத் தூக்கி'யில் (1954) கொச்சைத் தமிழ் பேசும் சேட்டு. இதெல்லாம் பெருமாளுக்குக் கணக்கில் வராதா?

சரி, அந்தப் பேய்க்கதையையே எடுத்துக்கொள்வோம். பேசுவது முழுக்க நாகேஷ். இவர் சும்மா கேட்டுக்கொண்டிருக்கிறார். கண் விரிகிறது, வாய் கோணுகிறது, உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக ஒடுங்குகிறது. பெரிய பணக்காரர் விஸ்வநாதன் நம் கண்ணெதிரே சின்னப் பையனாகிவிடுகிறார். எதிரில் இருப்பவன் ஜெயிக்கட்டும் என்று விட்டுக்கொடுத்து நடிக்க எத்தனை பேருக்கு மனசு வரும்? பத்துப் பதினைந்து வருஷம் வில்லனாக நின்று தோற்றவருக்கு அது கை வந்த கலை என்பது என் கட்சி.

'திருவிளையாடல்' ஹேமநாத பாகவதரைப் பார். "ஒரு நாள் போதுமா" பாடியது பாலமுரளிகிருஷ்ணாதான், ஆனால் அந்தத் திமிர் யாருடையது? ராத்திரி விறகுவெட்டி பாடுவதைக் கேட்டதும் முதலில் எரிச்சல், பிறகு வியப்பு, கடைசியில் பயம். ஒரு முகத்தில் இத்தனை. அதற்கு மூன்று வருஷம் கழித்து 'தில்லானா மோகனாம்பா'ளில் தவில்கார முத்துராக்கு. நாதஸ்வரக்காரனுடைய முன்கோபத்தைத் தணித்தபடியே கூட வருவார். அந்தப் படம் வந்து நாலே வருஷத்தில், 1972-ல், போய்விட்டார். இன்னும் பத்து வருஷம் இருந்திருந்தால் என்னவெல்லாம் செய்திருப்பார் என்று யோசித்தால் நெஞ்சு கனக்கிறதடா.

பெருமாள் உன்னைக் கூப்பிட்டு நியாயம் கேட்பான். வழக்கம்போல "ரெண்டு பேர் சொல்றதும் சரி" என்று நழுவாதே. கல்யாணத்துக்கு முதல் நாளே வந்துவிடு. ரூம் அந்தப் பழைய லாட்ஜில்தான், காரைக்குடிக்காரரும் கூட வருகிறார். காதில் வைக்கப் பஞ்சு கொண்டு வா.

உன்,
ராமு